மந்திரித்த காரில் ஒரு ஓட்டை

பாம்பன் பாலத்தில் பாதி தூரம் வந்திருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு பல் பிரஷ். இரண்டு கைகளிலும் முழங்கை வரை பைபர் தூள் ஏறி அரித்துக்கொண்டிருந்தது. தூள் என்று பெயர்தானே தவிர, அது கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி ஊசி. சொறிந்தால் இன்னும் உள்ளே போகும். அதனால் சொறியாமல் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கையைத் தேய்த்துக்கொண்டே நடந்தேன். புது ரயில் பாலத்தைப் படம் பிடிக்க நின்றிருந்த ஒரு குடும்பம் என்னைப் பார்த்ததும் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டது.

அன்று காலை ஆறரை மணிக்கு, சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்த ஒரு காரின் பானெட்டில் கிரைண்டரை வைத்து ஒரு முழ நீளத்துக்கு ஓட்டை போட்டிருந்தேன். ஏழு மணிக்குப் பட்டறை மேஸ்திரி அதைப் பார்த்தார். ஏழு ஐந்துக்கு நான் ரோட்டில் இருந்தேன்.

வேலை போவது எனக்குப் புதிதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் என்னை விட்டுக்கொண்டே வந்தது. மண்டபத்தில் ஓர் ஐஸ் மில் என் இடது சுண்டுவிரலில் பாதியை வைத்துக்கொண்டு மீதியை அனுப்பியது. பரமக்குடியில் ஒரு பேக்கரியில் ஒன்றரை வருஷம் விறகு அடுப்பு பார்த்தேன். முதலாளி கரண்ட் அடுப்பு வாங்கியதும் போய்வரச் சொன்னார். லாரியில் கிளீனராக இருந்தேன். டிரைவர் தூங்கி வண்டி கவிழ்ந்தது, அவர் ஆஸ்பத்திரிக்கும் நான் பஸ் ஸ்டாண்டுக்கும் போனோம். ஆனால் நல்லது செய்யப் போய் வேலை போனது இதுதான் முதல் தடவை. பாலத்தில் நடக்கும்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் செய்தது நல்லதே இல்லை என்பது மத்தியானம்தான் தெரிந்தது.

மேஸ்திரி பாம்பனில் பைபர் படகு செய்கிறவர். படகின் வடிவத்தில் ஒரு பெரிய அச்சு இருக்கும். அதன் உள்ளே மெழுகு தேய்த்து, கண்ணாடி நார்ப் பாயை விரித்து, ரெசின் என்கிற பசையை ஊற்றி உருட்டி, காய்ந்ததும் மேலே இன்னொரு பாய், இன்னொரு பசை என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். கடைசியில் அச்சிலிருந்து கழற்றினால் படகு. அவர் செய்த படகு ஒழுகியது என்று அந்தக் கரையில் யாரும் சொன்னதில்லை. ஒழுகாது என்பதுதான் அவருடைய பெருமை, அவருடைய மதம், பிறகு பார்த்தால் அவருடைய வியாதியும் அதுதான்.

கார் அவருடையது இல்லை. அவர் தங்கையுடையது. தங்கை பாம்பனிலிருந்து மதுரைக்கு மீன் லாரி ஓட்டுகிறவள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள்தான். ஆனாலும் நான் அக்கா என்றே கூப்பிட்டேன். சோறு போடுகிறவர்கள் எல்லோரும் எனக்கு அண்ணன், அக்காதான். கார்ப் பந்தயம் ஓட்டுவதற்கான லைசென்சை அவள் முறைப்படி படித்து வாங்கி வைத்திருந்தாள். வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் ஓட்ட வண்டி கிடையாது. பந்தயக்காரர்கள் யாரும் மீன் லாரிக்காரியைக் கூப்பிட்டு வண்டி கொடுப்பதில்லை. அதனால் ஒரு பழைய டாக்சியை வாங்கினாள். தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, லாரிக்கும் பாதி வேலைதான். அந்த இரண்டு மாதத்தில் டாக்சியைப் பந்தயக் காராக ஆக்கிவிட வேண்டும் என்று அண்ணனின் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினாள். அப்போதுதான் பட்டறையில் தேய்ப்பு வேலைக்கு ஆள் கேட்டு நானும் போய்ச் சேர்ந்தேன்.

பந்தயம் என்றால் யார் வேகம் என்று பார்ப்பது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். இது வேறு ஜாதி. ஆறு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். பெட்ரோல் போட, ஆள் மாற மட்டும் நிற்கலாம். மூன்று பேர் மாறி மாறி ஓட்டலாம். கார், கடையில் விற்கிற சாதாரணக் காராகத்தான் இருக்க வேண்டும். உடற்கூடு, கூரை, இன்ஜின் எல்லாம் கம்பெனி கொடுத்தபடி. சீட்டுகளையும் உள் அலங்காரத்தையும் பிடுங்கிப் போடலாம். உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு கட்ட வேண்டும். பானெட்டையும் கதவையும் லேசான பொருளில் செய்துகொள்ளலாம். விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அக்கா படித்துச் சொல்லுவாள், மேஸ்திரி ஒவ்வொரு விதிக்கும் ஒரு மறுப்பு சொல்லுவார்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவர் கெட்டிக்காரர். காரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தோம். தரையில் ஒட்டியிருந்த தார்ப் பட்டைகளை நான் மூன்று நாள் சுரண்டினேன். அதற்குள் இருந்து ஒரு குழந்தையின் கொலுசும், திருச்செந்தூர் விபூதிப் பொட்டலமும், அடையாளம் தெரியாத ஒரு பல்லும் கிடைத்தன. கூண்டை அக்கா விதிப்படி கோயம்புத்தூரில் வாங்கிக்கொண்டு வந்தாள். வளைவில் திரும்பும்போது டேங்கில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி இன்ஜின் விக்கும் என்று அவள் சொன்னதும், மேஸ்திரி சிரித்தார். படகு டேங்கில் தினமும் நடக்கிற கூத்து அது. விதி அனுமதிக்கிற பஞ்சுக் கட்டிகளை எப்படி அடுக்கினால் பெட்ரோல் அலையாது என்று அரை நாளில் கண்டுபிடித்துவிட்டார். பிரேக் சூடாகாமல் இருக்க, படகில் தண்ணீர் இறைக்கும் பம்பின் வளையும் குழாயை முன் பம்பரிலிருந்து சக்கரம் வரை இழுத்துக் காற்று போகிற மாதிரி செய்தார். அது இன்றைக்கும் எனக்குப் பிடித்த வேலை.

என் பங்கும் ஒன்று உண்டு. லாரியில் இருந்தபோது கற்றது. ரோட்டோரத்தில் நின்று வேலை பார்க்கும்போது, நேரத்தைத் தின்பது வேலை இல்லை, ஸ்பானர் தேடுவதுதான். அதனால் அவசரத்துக்குக் கழற்றக்கூடிய போல்ட் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்றச் சொன்னேன். எல்லாமே பன்னிரண்டாம் நம்பர். ஒரே ஸ்பானர். அதையும் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஏப்பா, நீ எத்தனாவது வர படிச்ச?" என்று கேட்டாள். எட்டாவது என்றேன். "மிச்சத்தையும் படிச்சிருந்தா கெட்டுப்போயிருப்ப" என்றாள்.

இன்ஜினை அவள் தொடவிடவில்லை. கூடுதல் சக்தி எடுக்கலாம் என்று யார் சொன்னாலும், "ஆறு மணி நேரம் ஓடணும். கடைசி வர ஓடுற கழுத போதும், பாதில சாவுற குதிர வேணாம்" என்பாள். சுற்று வேகத்தைக் கம்பெனி வைத்ததைவிடக் குறைத்தே வைத்தாள்.

பிறகு பானெட். மேஸ்திரி தன் கைப்படச் செய்தார். கடைந்தெடுத்த மாதிரி இருந்தது. மீன் நிறுக்கும் கொக்கித் தராசில் தொங்கவிட்டோம். கம்பெனியின் தகர பானெட்டைவிட இது கனமாக இருந்தது.

"எத்தன பாய் போட்ட?" என்று தங்கை கேட்டாள்.

"அஞ்சு. அலை அடிச்சா தாங்கணும்ல?"

"அண்ணே, தார் ரோட்ல அலை எங்கன வரும்?"

"வராதுன்னு எழுதித் தருவியா?"

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. காரின் அடிவயிறு முழுக்க ஒரு பைபர் தட்டை ஒட்டி, ஓரமெல்லாம் பசை வைத்து அடைத்தார். முன் விளக்கைச் சுற்றி இருந்த இடுக்குகளை அடைத்தார். டயர் பக்கத்து இடுக்குகளை அடைத்தார். ரேடியேட்டருக்குக் காற்று வர முன்னால் ஒரு வாய் விட்டார். அதுவும் தங்கை சண்டை போட்ட பிறகு. உள்ளே வந்த காற்று எந்த வழியாக வெளியே போகும் என்று அவர் யோசிக்கவே இல்லை. ஓட்டை என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான், முழுகுவது.

இதற்கு நடுவில்தான் சர்ச் சாமியார் வந்தார். அவர் வந்தது ஒரு புதுப் படகை மந்திரிக்க. கடலில் இறக்குவதற்கு முன்னால் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பது வழக்கம். மேஸ்திரியின் பட்டறையில் அதோடு ஒரு சட்டமும் உண்டு. மந்திரித்த பிறகு அந்த உடம்பில் துளை போடக் கூடாது. போட வேண்டிய துளையை எல்லாம் முன்னாலேயே போட்டுவிட வேண்டும். மந்திரித்த படகில் ஒருத்தர் மீன் பார்க்கும் கருவியை மாட்டத் துளை போட்டாராம், அந்த மாதமே இன்ஜின் கழன்று கடலில் விழுந்ததாம். அந்தப் படகின் போல்ட்டுகளை நான் பின்னால் பார்த்தேன். துரு தின்று பாதிதான் இருந்தன. அதைச் சொன்னால் மேஸ்திரி காதில் ஏறாது.

சாமியார் படகை முடித்துவிட்டுத் திரும்பும்போது மேஸ்திரி குறுக்கே போய், "ஃபாதர், அப்படியே இதுக்கும் ரெண்டு சொட்டு" என்று காரைக் காட்டினார். அப்போது காரில் ரேடியேட்டர்கூட மாட்டவில்லை. சாமியார் நடந்த நடையிலேயே கையை வீசினார். நாலு சொட்டு பானெட்டில் விழுந்தது, இரண்டு சொட்டு என் மேல்.

ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக ஓட்டிப் பார்த்தோம். ஆர்.எஸ். மங்கலம் கண்மாயில். மழைக்காலத்தில் அது கடல் மாதிரி கிடக்கும். கோடையில் வெறும் மண். வண்டல் அள்ளும் டிராக்டர்கள் ஓடி ஓடிக் கண்மாய்க்குள் ஒரு பெரிய வட்டப் பாதை கெட்டியாக விழுந்திருந்தது. அதில் அக்கா ஓட்டினாள். இருபது நிமிஷத்தில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஆற வைத்து மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை பதினைந்து நிமிஷம்.

வெள்ளிக்கிழமை சென்னைப் பக்கத்துப் பந்தய மைதானத்தில் வண்டிச் சோதனை. சோதனையில் காட்டாத வண்டிக்கு இடம் கிடையாது. அவளோடு ஓட்டச் சம்மதித்திருந்த மற்ற இரண்டு பேருக்கும் வேறு அணியில் இடம் தயாராக இருந்தது. அவளுக்கு இல்லை. இந்த வண்டி ஓடினால்தான் அவள் ஓட்டுவாள். இரண்டு வருஷம் காத்திருந்தவள், கொதிக்கிற வண்டியைக் கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் நிறுத்த மாட்டாள். லாரிக்கே திரும்பிவிடுவாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் எதுவும் இல்லை. மீன் வரத்து குறைவு என்று சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

எனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தேன். பேக்கரி அடுப்பில் வாய் மட்டும் இருந்தால் போதாது. பின்னால் புகைபோக்கி வேண்டும். புகைபோக்கி அடைத்துக்கொண்டால் முன்வாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் காற்று உள்ளே வராது. திங்கட்கிழமை மேஸ்திரியிடம் சொன்னேன்.

"பானெட்ல பின்னாடி ஒரு ஓட்ட போட்டா சூடு போயிரும்ணே."

"மந்திரிச்சாச்சுலே."

"சாமியாரு வேணாம்னு சொல்ல மாட்டாருண்ணே."

"சாமியாரு சொல்லமாட்டாரு. நாஞ் சொல்றேன். அதுல துளை போட்டு ரோட்ல அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஓஞ் சுண்டுவிரல் மட்டும் பாதி இல்ல, ஆளே பாதியாயிருவ."

தங்கைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவருக்கு இருந்த பயம் உண்மையான பயம். அது எனக்கு அப்போது புரியவில்லை. மறுநாள் விடிந்ததும், அவர் டீக்கடைக்குப் போன நேரம் பார்த்து, முன் கண்ணாடிக்குக் கீழே பானெட்டின் பின் ஓரத்தில், நீளமாக வெட்டினேன். அடுப்புக்குப் புகைபோக்கி பின்னால்தானே. கிரைண்டர் சத்தம் கடலுக்கே கேட்டிருக்கும்.

பாலத்தின் மேல் பின்னாலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. அக்காவின் மீன் லாரி. பின்னால் மீன் பெட்டிகள் ஏறும் இடத்தில், இரண்டு பலகை போட்டு ஏற்றிய கார், படகுக் கயிற்றில் கட்டப்பட்டு நின்றது.

"ஏறு."

"மேஸ்திரி என்னைய..."

"அண்ணன் சாமியாரப் பாக்கப் போயிருக்கு. ஓன் ஓட்டைக்குப் பரிகாரம் கேக்க. ஏறுப்பா, பின்னால கத்துறானுக."

ஏறினேன். மண்டபம் தாண்டி, ராமநாதபுரம் தாண்டி, தேவிபட்டினத்தில் ஒரு டீ. அவள் வழியெல்லாம் அதிகம் பேசவில்லை. அடுப்பு, புகைபோக்கி என்று நான் விளக்கியதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினாள். ஒரு தடவை மட்டும், "ஓட்ட போட்டது போட்ட, என்னையக் கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்ல, வண்டி யாருது?" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. அண்ணனை எதிர்ப்பதிலேயே குறியாக இருந்து, வண்டி யாருடையது என்பதை மறந்துவிட்டேன். இரண்டு ஆம்பளைகளும் அவள் வண்டியில் ஆளுக்கொரு பக்கம் ராஜ்ஜியம் நடத்தியிருக்கிறோம். "தப்புதான்க்கா" என்றேன். "தப்புதான்" என்று அவளும் சொன்னாள்.

கண்மாயில் வெயில் கொதித்தது. ஓரத்துக் கருவேல நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. காரை இறக்கினோம். அவள் தலைக்கவசம் போட்டு உள்ளே ஏறி, கூண்டுக்குள் வாரைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் லாரி நிழலில் நின்று என் ஓட்டையின் வெற்றியைப் பார்க்கக் காத்திருந்தேன்.

பத்தாவது நிமிஷத்தில் திரும்பி வந்து நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமையைவிடச் சீக்கிரமாக முள் ஏறியிருந்தது.

"ஓம் புகைபோக்கி புகையக் குடிக்கிது" என்றாள்.

எந்தப் பக்கம் போய் நிற்பது என்று தெரியாமல் ஆடுகளைப் பார்த்தேன்.

அவள் லாரியிலிருந்து வலை நூல் உருண்டை ஒன்றை எடுத்து வந்தாள். சிவப்பு நைலான். போனில் ஏதோ படத்தில் பார்த்திருக்கிறாள். விரல் நீளத்துக்கு வெட்டி வெட்டி, ஒரு முனையை டேப் போட்டு பானெட் முழுக்க வரிசையாக ஒட்டினோம். நெல் நாற்று நட்ட மாதிரி இருந்தது. காற்று எந்தப் பக்கம் போகிறதோ நூல் அந்தப் பக்கம் படுக்கும். ஓட்டுகிறவளுக்குக் கண்ணுக்கு நேரே தெரியும்.

இரண்டே சுற்றுதான் ஓட்டினாள். வந்து சொன்னாள்: "முன்னாடி மூக்குக்கு மேல உள்ள நூலெல்லாம் மேல தூக்கிட்டு நிக்கிது, யாரோ இழுக்குற மாதிரி. நடுவுல உள்ளது ஒழுங்கா பின்னாடி படுக்குது. கண்ணாடிகிட்ட உள்ளது மட்டும் திரும்பி ஓன் ஓட்டைக்குள்ள போகுது."

யோசித்துப் பார்த்தால் புரிகிறது. ஓடுகிற வண்டியில் காற்று வந்து கண்ணாடியில் மோதுகிறது. மோதிய இடத்தில் அது குவிந்து அமுக்குகிறது. அங்கே ஓட்டை வைத்தால் உள்ளே இருக்கிற சூடு வெளியே வராது, வெளியே இருக்கிற காற்றுதான் உள்ளே நுழையும். முன்னால் வாய், பின்னாலும் வாய். நடுவில் இன்ஜின் மூச்சு முட்டுகிறது. அடுப்பு ஓடாது, கார் ஓடும். இந்த வித்தியாசத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

"அப்ப மூக்குக்கு மேலதான் போடணும்" என்றேன்.

"கிரைண்டரத் தொட்ட, கொன்னுருவேன்" என்றாள்.

அப்போது கரை மேல் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மேஸ்திரி. பாம்பனிலிருந்து அந்த வெயிலில் அவ்வளவு தூரம் வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கரையிலிருந்து இறங்கி வந்தவர் என்னைப் பார்த்தார். நான் லாரிக்கு அந்தப் பக்கம் நகர்ந்தேன்.

"சாமியாரு என்ன சொன்னாரு?" என்று தங்கை கேட்டாள்.

மேஸ்திரி கண்மாய்க்கரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காரு மந்திரிச்சதா அவருக்கு ஞாபகமே இல்லயாம்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

"என்னலே இளிப்பு? அவருக்கு ஞாபகம் இல்லாட்டி? தெளிச்சது தெளிச்சதுதான்."

"அண்ணே, நீ ஒக்காந்து ஒரு சுத்து ஓட்டு" என்றாள் தங்கை. "நூலப் பாரு. நான் சொன்னா நம்ப மாட்ட."

அவர் ஓட்டமாட்டேன் என்றார். அவள் விடவில்லை. அந்தச் சீட்டு அவள் அளவுக்கு வாங்கியது. அவளோடு ஓட்டப்போகிற மற்ற இரண்டு பேரும் ஒல்லி. மேஸ்திரி நாற்பது வருஷமாக நெத்திலிக் கருவாடும் சோறும் தின்று வளர்ந்த உடம்பு. கூண்டுக் குழாய்க்கு மேலே ஒரு காலைத் தூக்கிப் போட்டு, தலையைக் குனிந்து நுழைத்து, இடுப்பு, சீட்டின் பக்கவாட்டில் எழும்பிய இரண்டு காதுகளுக்கும் நடுவே இறங்காமல் நின்றபோது, நான் வெளியிலிருந்து தோளைப் பிடித்து அமுக்கினேன். டப்பாவுக்கு மூடி போடுகிற மாதிரிதான்.

"மெதுவாப் பிடிலே, பைய!"

"மூச்ச உள்ள இழுங்கண்ணே."

"இழுத்தா திரும்ப விட வேணாமாலே?"

இறங்கிவிட்டார். வாரைக் கட்டத் தேவையே இல்லை; ஆனாலும் தங்கை கட்டினாள். கார் கிளம்பியது. அவர் மெதுவாகத்தான் ஓட்டினார், ஆனால் நூல் பேச அது போதும். ஒரு சுற்று என்று சொன்னவர் மூன்று சுற்று ஓட்டினார். மூன்றாவது சுற்றில் பாதையின் தூரப் பக்கத்தில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். முள் ஏறியிருக்கும். பிறகு வந்து நிறுத்தினார். அவரை வெளியே எடுக்க இரண்டு பேரும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் பானெட்டின் கொண்டிகளைக் கழற்றினார். தானே தூக்கி எடுத்து, இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டார். "இப்ப ஓட்டு" என்றார்.

மூடியில்லாமல் அவள் ஓட்டினாள். இந்தத் தடவை உண்மையான ஓட்டம். புழுதி அரைக் கண்மாயை மறைத்தது. ஆடுகள் எழுந்து போய்விட்டன. நானும் மேஸ்திரியும் வெயிலில் நின்றோம். கனமான பானெட்டை அவர் கீழே வைக்கவே இல்லை. நான் வாங்கிக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன், கொடுக்கவில்லை. ஒவ்வொரு சுற்றும் அவள் எங்களைக் கடக்கும்போது ஒரு விரலைக் கண்ணாடிக்கு நேரே நிமிர்த்திக் காட்டினாள். முள் நடுவில் நிற்கிறது என்று அர்த்தம். அரை மணி. முக்கால் மணி. அந்த விரல் சாயவே இல்லை.

ஒரு மணி நேரம் ஆனதும் நிறுத்தினாள். தலைக்கவசத்தைக் கழற்றினாள். மூடியில்லாத இன்ஜின் எல்லாம் புழுதி, அவள் முகமெல்லாம் புழுதி. அண்ணனைப் பார்த்தாள். கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எனக்கு அது வந்ததே இல்லை.

"மூடி இல்லாம ஓட்ட விடுவானுகளா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"விடமாட்டாக."

அவர் கையிலிருந்த பானெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் வெட்டிய வெட்டை விரலால் தடவினார். ஓரம் கோணல்மாணலாக இருந்தது. அது அவருக்கு ஓட்டையைவிட அதிகமாக வலித்திருக்கும்.

"இது மந்திரிச்சது மந்திரிச்சதாவே இருக்கட்டும்" என்றார். "இத நான் அடைச்சு வீட்ல வச்சுக்கிறேன். புதுசா ஒண்ணு போடுறேன். அச்சுலயே மூக்குக்கு மேல ஓட்டைய விட்டு. ஓட்டையோட பொறக்குறது வேற, பொறந்ததுக்கப்புறம் ஓட்ட போடுறது வேற."

சாமியார்கள் கூடிப் பேசினாலும் இவ்வளவு சீக்கிரத்தில் இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காயுமா?" என்று தங்கை கேட்டாள். குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் ஆடியது.

"நாளைக்குக் காலைல ஊத்துனா வெயில்ல மத்தியானமே இறுகிரும். ரெண்டு பாய்தான். லேசா."

"அண்ணே, ரெண்டு பாயா?"

"ஏன், அலையா அடிக்கப் போகுது?" என்றார் அவர், ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி.

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீ எம் பட்டறைக்குள்ள காலை வைக்கக் கூடாது. சொன்னது சொன்னதுதான்."

"சரிண்ணே" என்றேன். பை லாரியில்தான் இருந்தது. அங்கிருந்து பஸ் பிடித்தால் தொண்டி, இல்லாவிட்டால் தேவகோட்டை. எதுவும் ஒன்றுதான்.

"ஆனா அச்சு வெயில்ல இருக்கணும். பட்டறைக்கு வெளிய ரோட்டோரமாத்தான் போடப்போறேன். ரோடு என்னுது இல்ல. நீ அங்கன நிக்கிறதும் நிக்காததும் ஓம்பாடு."

மறுநாள் புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, பாம்பனில் பட்டறை வாசலுக்கு இரண்டு அடி இந்தப் பக்கம், ரோட்டோரத்தில் பானெட் அச்சு கிடந்தது. மூக்குக்கு மேலே வர வேண்டிய இடத்தில் மேஸ்திரி ஒரு பலகைக் கட்டையைச் சீவிப் பதித்திருந்தார். அந்த இடத்தில் பாய் விழாது, அதுதான் ஓட்டை. உள்ளேயிருந்து ஒரு மெழுகு டப்பாவையும் ஒரு பழைய துணியையும் வாசலுக்கு வெளியே வீசினார். அச்சுக்கு மெழுகு தேய்ப்பது பைபர் பட்டறையில் கடைசி ஆளின் வேலை. ஒரு விரல் இடம் விட்டுப்போனாலும் செய்த பொருள் அச்சோடு ஒட்டிக்கொள்ளும், கழன்று வராது. வெள்ளிக்கிழமை சோதனைக்குக் கொண்டுபோக ஒன்றும் இருக்காது. மூன்று தடவை தேய்க்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் காயவிட்டுத் துடைக்க வேண்டும். நான் குத்தவைத்து, அந்தக் கட்டையின் நாலு மூலையிலிருந்து தேய்க்க ஆரம்பித்தேன்.